பிள்ளையார் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை

கையால் கீறிய பழைய ஊர்ப்படம் விற்கிற கடைக்கு வருகிற ஆள் எவராக இருந்தாலும், முதலில் தன்னுடைய வீட்டில் விரலை வைப்பார், பிறகு வீடு பிழையாகக் கீறியிருக்கு என்று என்னோடு சண்டைக்கு வருவார். படத்தைக் கீறின மனிதர் செத்து எத்தனையோ காலம். அதைச் சொன்னாலும் காதில் ஏறாது. கடை திறந்திருக்கு, உள்ளே ஒருத்தி நிற்கிறாள், பிறகென்ன, ஏச்சு எனக்குத்தான். சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது பொதுவேலை பார்த்து, ஊரார் விட்ட பிழைக்கெல்லாம் ஏச்சு வாங்கினவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. நாங்கள் ஒரே கூட்டம்.

நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் கட்டடப்படம் கீறுகிற தொழில் படித்தவள். ஒரு கட்டடக்கலைஞரின் கந்தோரில் கனகாலம் வேலை பார்த்து, அது அலுத்துப்போய், பழைய நகரப்படங்களை வாங்கித் திருத்திச் சட்டம் போட்டு விற்கிற இந்தக் கடையைத் திறந்தேன். கேட்கிறவர்களுக்குப் புதிதாகவும் கீறிக் கொடுப்பேன். தெருவை வெறும் கோடாகக் காட்டுகிற படம் இல்லை. ஒவ்வொரு வீடும் கூரை, ஜன்னல், புகைபோக்கியோடு எழும்பி நிற்கிற படம். போன வருடம் எங்கட பகுதியின் வரலாற்றுச் சங்கம் வந்து, சந்தைச் சதுக்கத்தில் ஒரு பெரிய பலகை வைக்கப்போகிறோம், பகுதி முழுவதையும் அந்தமாதிரிக் கீறித்தா, எந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதும் அதில் தெரியவேண்டும் என்று கேட்டது. சந்தோசமாக ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்ட அன்றைக்கே ஒரு முடிவும் எடுத்தேன். எங்கட முதல் கோயில் அந்தப் பலகையில் வரவேணும். கோயில் என்றால் கோபுரமா இருந்தது? உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் கைவிட்ட கிடங்கு. தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. ஒரு மாடிவீட்டுக்குக் கீழால் போகிற நடையைத் தாண்டினால் பின்முற்றம், முற்றத்தின் மூலையில் கிடங்கு. அகதியாக வந்த எங்கட தமிழ்ச்சனம் அங்கேதான் பிள்ளையாரை வைத்தது. வெள்ளிக்கிழமை பூசை, சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ். என் கழுத்தில் தாலி ஏறினதும் அங்கேதான். பிறகு கோயில் பெரிய கட்டடத்துக்கு மாறியது. கிடங்கை இடித்துக் கார் விடுகிற இடமாக்கிவிட்டார்கள். பலகை எங்கட பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். அதில் இல்லாததை நாளைக்கு ஆர் நம்பப்போகிறார்கள்?

தலைவரின் அப்பப்பா

சங்கத் தலைவர் பிரிங்மான், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரும் என்னிடம் முதன்முதல் சண்டைக்காகத்தான் வந்தவர். நான் விற்ற படத்தில் அவருடைய தெருமூலை வீட்டுக்கு ஒரு புகைபோக்கி குறையுதாம். அடுத்த கிழமை பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இப்ப என்ன சொல்லுறாய் என்கிற மாதிரிப் பார்த்தார். புகைபோக்கி இருந்தது. பேசாமல் கீறிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

பலகை விசயத்தில் அவருடைய சட்டம் ஒன்றேதான். ஒரு இடம் படத்தில் வரவேணும் என்றால் புகைப்படம் வேணும், இல்லையென்றால் கடதாசி வேணும், இரண்டும் இல்லையென்றால் கண்ணால் கண்ட ஒரு ஆள் வந்து சொல்லவேணும். அந்த ஆள் அந்த இடத்தோடு சம்பந்தப்பட்டவராக இருக்கக்கூடாது. கிழங்குக் கிடங்குக்கு, தெருப்பெயர் போடாத பழைய விளம்பரம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆகவே முற்றத்து மூலையில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை கீறு என்றார். நான் கோயில் கதையைச் சொன்னேன். எங்கட முழுச்சனமும் சாட்சி என்றேன். முழுச்சனமும் சம்பந்தப்பட்ட சனம் என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நீங்கள் எங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. அவருடைய அப்பப்பா இதே பகுதியில் பேக்கரி வைத்திருந்தவராம். அதற்குத் தன் குடும்பத்தார் சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடைக்காததால் தானே வெட்டிவிட்டாராம். ஜெர்மனில் சொன்னதை எங்கட தமிழில் தருகிறேன்:

"என்ர அப்பப்பா சுட்ட பாணை நான் இந்த வாயாலயே சாப்பிட்டிருக்கிறன், அதையே நான் படத்தில போடேல்லை."

கிழக்கு எந்தப் பக்கம்

சரி, சாட்சி பிறகு தேடுவோம், முதலில் இடத்தைச் சரியாகக் குறிப்போம் என்று, புதுக்கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தவுடன் என்னுடைய கீறலை நீளமேசையில் விரித்தேன். அதில் சாம்பார் சிந்தாமல் காவல் நின்றது தவம் அண்ணை. பழைய கோயிலின் முதல் செயலாளர். அந்த நாளில் பூசைக்கு மணி அடித்ததும் அவர்தான். எனக்கே நிச்சயம் இல்லாதபடியால், நடை எந்த வீட்டுக்குக் கீழே, எந்தத் தெரு என்று கேட்டேன். கேட்டது என் பிழை. ஒருவர், சின்னத்தம்பியற்றை பழைய றூமுக்கு எதிர்ப்பக்கம் என்றார். இன்னொருவர், சின்னத்தம்பி போன பிறகு அந்த றூமில் கண்ணாடி மாமா இருந்தவர், ஆகவே கண்ணாடி மாமாவின் ஜன்னலுக்கு நேரே என்று சொல்லுறதுதான் சரி என்றார். மூன்றாவது ஆள், கண்ணாடி மாமாவே கனடாவுக்குப் போனபடியால் அந்த இடத்தை இனி எப்படிச் சொல்லுறது என்று யோசிக்கத் தொடங்கினார். தெருப்பெயர் ஒருவருக்கும் தெரியாது. இதே ஊரில் பிள்ளை பெத்து, வீடு வாங்கி, பேரப்பிள்ளை கண்ட சனம்.

ஒரு வழியாக இடத்தைக் கண்டுபிடித்தோம். அடுத்தது கதவு. எல்லோரும் ஒரே குரலில், கதவு கிழக்குப் பக்கம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கட்டடத்தின் பழைய வரைபடத்தில் கதவு மேற்கில் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் விளங்கியது. சுவாமி கிழக்குப் பார்க்கவேணும் என்று வாசலுக்கு முதுகு காட்டித்தான் பிள்ளையாரை வைத்தார்கள். நாங்கள் மேற்குக் கதவால் வந்து, சேலை கட்டி மறைத்த ஒடுங்கின வழியால் சுற்றிப்போய், முன்னுக்கு நின்று கும்பிட்டோம். காலம் போகப் போக எல்லார் தலையிலும் கதவு தானாகவே கிழக்குக்குப் போய்விட்டது. நான் வரைபடத்தை நீட்டி நீட்டிக் காட்டினேன். சோறு போட்டுக்கொண்டு நின்ற கமலா அக்கா அகப்பையைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்துச் சொன்னா:

"பிள்ளையார் கிழக்குப் பாத்தவரெண்டா கதவும் கிழக்குத்தானே, கட்டினவனுக்கு என்ன தெரியும்?"

ஆருடையோ காருக்கு முன்னால்

கடதாசி கிடைக்காது என்று தவம் அண்ணை முதலிலேயே சொல்லிவிட்டார். கிழங்கு வியாபாரி கிடங்குப் பூட்டின் திறப்பைக் கையில் தந்து, கையைக் குலுக்கிவிட்டுப் போனவர். அவ்வளவுதான் ஒப்பந்தம். அவரும் இப்போது இல்லை. சரி, புகைப்படம் இருக்குத்தானே, எங்கட சனம் படம் எடுக்காத நாளா என்று ஆளுக்கு ஆள் அல்பம் கொண்டுவரச் சொன்னேன். கடை நிரம்ப அல்பம். நானும் தவம் அண்ணையும் கமலா அக்காவும் இருந்து ஒவ்வொரு தாளாகப் பிரட்டினோம்.

முதல் அல்பத்தில் ஒரு பெடியன் சிவப்புக் கார் ஒன்றில் சாய்ந்து நிற்கிறான். அடுத்ததில் வேறொருவர், அதே சிவப்புக் கார். மூன்றாவதில் தவம் அண்ணையே நிற்கிறார், ஒரு கை காரின் கதவில், முகத்தில் முதலாளிக் களை. ஆருடைய கார் அண்ணை என்று கேட்டேன். ஆருக்குத் தெரியும், அந்தத் தெருவில் நிற்கிற கார் என்றார். பிறகு பூங்கா, ரோசாப்பூ, தண்ணீர் பாய்கிற தொட்டி, நகைக்கடைக் கண்ணாடி. ஊருக்கு அனுப்புகிற படம் அல்லவா? அகதி முகாமின் முன்னால் நின்று ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை. அந்தப் பின்முற்றம் ஒரு மூலையில்கூட விழவில்லை.

கிடங்குக்குள் எடுத்த படங்கள் கொஞ்சம் இருந்தன. பிள்ளையார், குத்துவிளக்கு, சுற்றிவரச் சேலை. சுவர் ஈரத்தில் உரிந்துபோய் இருந்தபடியால் ஒரு அங்குலம் தெரியாமல் சேலையால் மூடியிருந்தோம். அவற்றைப் பிரிங்மானிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சேலைகள் நல்ல வடிவு, இது எந்த நாடு என்று கேட்டார். வீட்டுக்கு வந்து என்னுடைய கலியாண அல்பத்தை எடுத்தேன். தாலி கட்டினவுடன் அவசரம் அவசரமாகப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ரோசாப் பாத்திக்குள் நிற்பாட்டி எடுத்த படங்கள். முற்றத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்கு எங்கட சனத்தில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்தநாள் கமலா அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவ அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னா:

"உன்ர அம்மாவுக்கு அனுப்பத்தானேயடி எடுத்தது, அந்த முத்தத்தைக் கண்டிருந்தா மனிசி ஒரு வாய் சோறு திண்டிருக்குமே?"

டார்ம்ஸ்டாட் தம்பியின் உதவி

டார்ம்ஸ்டாட்டில் படிக்கிற பிரவீன் என்ற தமிழ்நாட்டுத் தம்பி, தன் பேராசிரியருக்குப் பரிசு கொடுக்க ஒரு பழைய நகரப்படம் சட்டம் போடச் சொல்லியிருந்தார். எடுக்க வந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்து, என்ன விசயம் என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவுதானா அக்கா, ரெண்டு நிமிஷம் டைம் குடுங்க, ஏஐ-ல ஒரு ஓல்ட் போட்டோ ரெடி பண்ணிடறேன் என்று போனை எடுத்தார். முதலில் வந்த படத்தில் பனி கொட்டுது, இரண்டு தென்னை நிற்குது, வாசலில் யானை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, நீங்க சொல்லுங்க, நான் சரியா டைப் பண்றேன் என்றார். விளையாட்டாகத்தான் சொல்லத் தொடங்கினேன். கரி படிந்த செங்கல், இரும்புக் கீல் போட்ட மரக்கதவு, மேலே தகரக் கூரை, மழை ஈரம்.

இரண்டாவதாக வந்த படத்தைப் பார்த்தவுடன் கிட்டப் போய்க் குனிந்தேன். அதே முற்றம். அந்த இருட்டுகூட அப்படியே இருந்தது. எனக்கு அது வேணும்போல இருந்தது. கையில் வாங்கி, பெரிதாக்கி, கதவு, கீல், கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது. இது எங்கட செங்கல் இல்லை. என் வாயில் இருந்து போனதைத்தான் திருப்பித் தந்திருக்கு. இதைப் பிரிங்மானிடம் கொடுத்து, நாளைக்கு ஒருவர் கண்டுபிடித்தால், உண்மையாக இருந்த கோயிலும் சேர்ந்து பொய்யாகிவிடும். அழிச்சுவிடுங்கோ தம்பி என்றேன். அவர் என்னை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தார்.

"வேற யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க அக்கா, ஆனா நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களே, சரி, டிலீட் பண்ணிடறேன்."

பிளேட்

நான் கீறுகிறது தடித்த பால்நிறத் தாளில், கறுப்பு மையால். பிழைவிட்டால் ரேஸர் பிளேட்டால் பதமாகச் சுரண்டி எடுத்துவிட்டு அதன்மேல் திருப்பிக் கீறலாம். ஒருவருக்கும் தெரியாது. கடைசிக் கூட்டத்துக்கு ஒரு கிழமை இருக்க, படம் முழுக்க முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் கையெழுத்து வைத்தால் அடுத்தநாள் அச்சுக்குப் போகும். முற்றத்து மூலையில் உருளைக்கிழங்கு மூட்டை குந்திக்கொண்டு இருந்தது. தவம் அண்ணை வந்து அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பிளேட்டை எடுத்து, மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தார். கூட்டம் முடிந்து அச்சுக்குப் போக முதல் ஒரு இரவு இருக்குத்தானே, மூட்டையைச் சுரண்டிப்போட்டு அந்த இடத்தில் பெருவிரல் அளவில் ஒரு பிள்ளையார், ஆர் பூதக்கண்ணாடி கொண்டுதிரியப் போகினம் என்றார்.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அதுவரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் வாயால் கேட்டவுடன் எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, இந்த நாட்டுக்கு நாங்கள் எப்பிடி வந்தனாங்கள் எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒளிச்சு வந்தம். கோயிலையும் ஒளிச்சுக் கொண்டுவர நான் விடமாட்டன். அது முன்கதவால வரவேணும்" என்றேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையை வைத்தபோது, விருப்பமே இல்லாத ஒரு குரலில் சொன்னார்:

"முன்கதவு எண்டு நிக்கிறதெண்டா, எங்களுக்கு ஒரு துளியும் சம்பந்தமில்லாத, எங்களைக் கண்ணிலயும் காட்டக்கூடாத ஒராள் இருக்கிறா, ஆனா அந்த மனிசியிட்டை என்னைப் போகச் சொல்லாதை."

மணி அடிக்கிறவன்

அந்த மனிசியின் பெயர் கலூசா. முற்றத்தைப் பார்த்த முன்வீட்டில், கீழ்மாடியில் இருந்தவர். நாய் வளர்த்தவர். பூசை நேரம் ஜன்னலைத் திறந்துவைத்துக் கத்துவார். பொலிசையும் கூப்பிட்டிருக்கிறார். இப்போது முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார் என்று பழைய அயலவர்கள் சொன்னார்கள். தவம் அண்ணையை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார், அதுவும் கோயிலுக்கு வாங்குகிறமாதிரி அடிபடாத பழமாகப் பார்த்து. கதவு திறந்தவுடன் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். கலூசா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, நீ மணி அடிக்கிறவன் எல்லோ என்றார்.

அதற்குப் பிறகு என்னைக் கேட்பார் இல்லை. கற்பூரப் புகை தன் காயப்போட்ட உடுப்பெல்லாம் மணந்ததாம். நாங்கள் நடை முழுக்கச் சப்பாத்தைக் கழற்றிக் குவித்துவைத்ததில், தான் ஒரு நாள்கூட இடறாமல் வீட்டுக்குப் போகவில்லையாம். தவம் அண்ணைக்குப் பயம் போய் ரோசம் வந்துவிட்டது. உங்கட நாய் என்ர சப்பாத்தில ஒண்டைத் தூக்கிக்கொண்டுபோய், நான் பனிக்குள்ள ஒற்றைச் சப்பாத்தோட வீட்டை போனனான் என்று ஜெர்மனில் சொன்னார். என்ர நாய் களவெடுக்காது என்றார் கலூசா. நான் இடையில் புகுந்து, வந்த விசயத்தைச் சொன்னேன். கூட்டத்துக்கு வந்து, அங்கே கோயில் இருந்தது என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும் என்றேன். முடியாது என்றார். கெஞ்சினேன். முடியாது என்றார்.

கடைப் பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. ஒருவரின் வீட்டைக் கீறினால், அவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, பிழை இருந்தால் பேனையால் திருத்தித் தாருங்கோ என்று சொல்லிவிட்டு வருவேன். அவருடைய பழைய வீடும் முற்றமும் இருந்த பிரதியை, கூட்டம் நடக்கிற இடத்தையும் நேரத்தையும் கீழே எழுதி, வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைச் சாத்தமுதல் அவர் சொன்னது:

"அப்ப உங்களால நான் பட்ட பாடு போதாதெண்டு, இப்ப உங்களுக்காக ஓடியும் திரியவேணுமோ?"

சம்பந்தமில்லாத சாட்சி

கூட்டத்துக்குப் போகும்போது எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எதிர்ப்பு என்று ஒன்றைச் சொல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று தீர்மானித்திருந்தேன். பிரிங்மான் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். முற்றத்துக்கு வந்தவுடன் எழும்பினேன். இந்த மூட்டை சரி, ஆனால் இது அரைவாசி உண்மை, மற்ற அரைவாசியை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்லுகிறேன் என்று தொடங்கினேன். பிரிங்மான் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது நல்லாயில்லை என்று தெரிந்தது. தவம் அண்ணை பின்வரிசையில் கைகட்டி இருந்தார்.

அப்போதுதான் கதவு திறந்து, நடப்பதற்குத் துணையான தள்ளுவண்டியைப் பிடித்தபடி கலூசா வந்தார். என்னையோ தவம் அண்ணையையோ திரும்பியும் பார்க்கவில்லை. நேரே தலைவரின் மேசைக்குப் போய், நான் கொடுத்த பிரதியை விரித்து, உருளைக்கிழங்கு மூட்டையில் விரலை வைத்தார். மூட்டையின்மேல் நீலப் பேனையால் இரண்டு கோடு போட்டு வெட்டியிருந்தது. இதைக் கீறினது ஆர் என்று கேட்டார். கிழங்குக்காரன் இவர்கள் வரமுதலே கடையைக் கட்டிவிட்டானாம். கிழங்கு மணி அடிக்காதாம், பாடாதாம். பிரிங்மான் தன்னுடைய சட்டப்படி, நீங்கள் இந்தக் கோயிலோடு சம்பந்தப்பட்டவரா என்று கேட்டார். மனிசிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது.

"சம்பந்தமோ? இவையைப் பிடிக்கச் சொல்லிப் பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சது நான். வெள்ளிக்கு வெள்ளி அந்த ஜன்னலில நிண்டு தொண்டை கிழியக் கத்தினது நான். அங்க ஒருத்தரும் இருக்கேல்லை, கிழங்கு மூட்டைதான் இருந்ததெண்டு பலகை போட்டியளெண்டா, நான் இவ்வளவு காலமும் கிழங்கோடயோ சண்டை பிடிச்சனான்?"

திருத்தம்

பிரிங்மான் மேசையில் இருந்தவர்களைப் பார்த்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பேனையை எடுத்து எழுதினார். கிழங்குக் கிடங்கு, பிறகு தமிழர்களின் பிள்ளையார் கோயில், சாட்சி முன்வீட்டுக்காரர். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டார். மேற்கு, என்ர சமையலறைக்கு நேரே என்று, நான் வாய் திறக்கமுதல் கலூசா சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் நின்று அழுதேன். தவம் அண்ணை எழும்பி வந்தார். வாழைப்பழம் நல்லாயிருந்ததா என்று கேட்க மட்டும்தான் அவரால் முடிந்தது. கனிஞ்சு போச்சு என்றார் கலூசா.

அன்றைக்கே கடைக்கு வந்து பிளேட்டை எடுத்தேன். மூட்டையை முழுக்கச் சுரண்டவில்லை, சின்னதாக்கி ஒரு ஓரத்தில் வைத்தேன். கிடங்கைக் கீறினேன், மேற்கில் கதவு. பிள்ளையாரை உள்ளே கீறினால் தெரியாது என்று, கதவுக்கு மேலே ஒரு சின்னத் தும்பிக்கை. நடையில் கொஞ்சம் சப்பாத்து. அச்சுக்குப் போகமுதல் காட்டவேணும் என்று அடுத்தநாள் காலமை முதல் வேலையாகக் கலூசாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்குத் தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். வீடு சரி என்றார். ஜன்னல் சரி என்றார். நடையில் வந்து விரல் நின்றது. என்ன பிழை என்று கேட்டேன்.

"சப்பாத்து காணாது, இதைவிடக் கனபேர் வந்தவை."

சப்பாத்துக் கூட்டிக் கீறினேன், பலகையும் சந்தைச் சதுக்கத்தில் நிற்கிறது, ஆகையால் தங்கட ஊரைப் படத்தில் ஏற்றப் பாடுபடுகிற என் கூட்டத்தாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்களோடு சிரித்துக் கதைத்தவர்களைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம், உங்களை ஏசினவர்களின் கதவை முதலில் தட்டுங்கோ, அவர்கள்தான் ஒரு சப்பாத்தையும் மறக்கமாட்டார்கள்.